முசுட்டைக் கொடி

சர்க்கரைவள்ளிக் கிழங்கை அறியாத வீடு தமிழ்நாட்டில் இராது. கடல் கடந்து வந்த அந்தக் கொடிக்குக் கொங்கு நாட்டு வேலிகளிலே சொந்தக்காரி ஒருத்தி தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறாள் என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? அவள் பெயர் முசுட்டை. தாவர சாஸ்திரிகள் 'ரிவியா ஹைப்போகிராடெரிபார்மிஸ்' என்று வாய் நோக அழைக்கிறார்கள். நீண்ட குழலின் மேல் தட்டு வைத்தாற்போல் விரிந்த பூவையுடையது என்பதே அப்பெயரின் பிற்பாதிக்குப் பொருள்.

முசுட்டை பல்லாண்டு வாழும் கொடி. அடித்தண்டு நாளடைவில் கட்டையாகிவிடும். இலை ஏறக்குறைய வட்டமாயிருந்து, காம்பு சேருமிடத்தில் உள்வாங்கியிருக்கும். அதன் மேற்புறம் வழவழப்பு. அடிப்புறத்தில், முக்கியமாகத் தளிரில், பட்டுப் போன்ற வெண்ரோமம் படிந்திருக்கும்.

பூவின் விசேஷத்தைக் காண வேண்டுமானால் அந்தி சாய்ந்த பின் போகவேண்டும். சுருட்டிய குடை போன்ற மொட்டு அப்பொழுதுதான் முறுக்கவிழ்ந்து விரிகிறது. தூய வெண்மை, நறுமணம், நீண்ட குழல் ஆகிய மூன்றும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு விடுக்கும் அழைப்பு. காலை வெயில் ஏறியதும் மலர் வாடிவிடும். பகலில் வேலியோரம் நடப்பவர் இதன் அழகை அறியாததில் வியப்பில்லை.

சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் கூறும் முசுண்டையே இன்றைய முசுட்டை என்பது அறிஞர் கருத்து. கூதிர்க்காலத்துப் புதர்களில் பொன்னிறப் பீர்க்கம்பூவோடு இந்த வெண்பூவும் மலர்வதை நெடுநல்வாடை காட்டுகிறது. மலைபடுகடாமோ வானத்துக் கார்த்திகை மீன்களையே இதற்கு உவமையாக்குகிறது. ஒரு வேலிக்கொடிக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்!

இலை கீரையாகும். யாழ்ப்பாணத்துச் சமையலில் முசுட்டையிலை வறைக்குத் தனி மதிப்புண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: சளிக்கு அடை சுட்டுத் தின்னும் முசுமுசுக்கை வேறு. அது பூசணிக் குடும்பத்தது. இலையில் சொரசொரப்பும், தண்டில் பற்றுக்கம்பியும், சிறிய மஞ்சள் பூவும் உண்டு. முசுட்டைக்குப் பற்றுக்கம்பி கிடையாது; தண்டே சுற்றிக்கொண்டு ஏறும்.

சுற்றுவதற்குத்தான் இப்போது துணை குறைந்து வருகிறது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்கள் அவற்றைச் சுற்றியுள்ள கிளுவை வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காங்கயம் மாடுகளும். ஓரத்திலே உயிருள்ள வேலி. அந்த வேலி முசுட்டை போன்ற கொடிகளுக்குத் தாய்வீடு. கல்தூணும் கம்பியும் வந்து கிளுவையை வேரோடு பிடுங்கும்போது, கூடவே கொடியும் போகிறது, யாரும் கணக்கெடுப்பதில்லை.

இதற்கிடையில், அதே குடும்பத்து நெய்வேலிக் காட்டாமணக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நமது குளங்களை அடைத்துக்கொண்டு, ஊதாப்பூ பூத்து மகிழ்கிறது! அதை வெட்டி மாளவில்லை.

கம்பிவேலி தவிர்க்க முடியாதது என்பாரும் உண்டு. பாதுகாப்பும் ஆள் கூலியும் அவர்கள் சொல்லும் காரணங்கள், அவற்றைப் புறக்கணிப்பதற்கில்லை. ஆயினும் கம்பிக்கு உட்புறம் ஒரு வரிசை கிளுவைப் போத்து ஊன்ற அதிகச் செலவாகாது. போத்து வேர்விட்டு வேலியான பின், முசுட்டை விதை நான்கைந்தை அதன் அடியில் போட்டு வைக்கலாம்.