யானைக்கும் ஒரு பெயர் உண்டு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நம்மவர் இல்லங்களில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் புத்தகப் பையோடு சில சொற்களையும் சுமந்து வருகின்றனர். 'மதராஸி' என்பது அவற்றுள் ஒன்று. நம் பிள்ளை திருநெல்வேலியைச் சேர்ந்தவனா, சேலத்தைச் சேர்ந்தவனா என்ற விசாரணை அச்சொல்லுக்குத் தேவையில்லை. அடுத்த வீட்டு ஆந்திரப் பையனும் எதிர் வீட்டு மலையாளப் பெண்ணும் அதே சொல்லுக்குள்தான் அடைபடுகின்றனர். 1969-இல் நம் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. 1996-இல் தலைநகரின் ஆங்கிலப் பெயரும் சென்னை என மாறிற்று. ஆயினும் அந்தப் பழைய சொல் மட்டும் பள்ளி மைதானங்களில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இதைக் கேட்டு நமக்கு மனம் நோகிறது. நோவது இயற்கையே. ஆனால் நம் பிள்ளைகள் வாயிலிருந்து புறப்படும் சொற்களையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டுமன்றோ? பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகனை ஊரின் பெயரால் ஏளனம் செய்வதும், வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளையின் கண்ணையும் மூக்கையும் பேசிச் சிரிப்பதும் நம் வீட்டுத் தாழ்வாரத்திலும் நடக்கின்றன. அதுவும் போகட்டும். உடன்பிறந்த இருவரில் ஒருத்தி சற்று நிறம் குறைந்திருந்தால், "இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ" என்று விருந்துக்கு வந்த உறவினர் அவள் எதிரிலேயே பேசுகின்றனர். குழந்தை தலை குனிந்து காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே செல்கிறது. வெளியில் படித்த பாடமா, வீட்டில் படித்த பாடமா, எது முந்தியது என்று சொல்லுதல் அரிது.

இதற்கு அறிவுரை மருந்தாகுமா எனில், அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. வேற்றுமையில் ஒற்றுமை என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி முழு மதிப்பெண் பெறும் பிள்ளையே, மணி அடித்தவுடன் மைதானத்தில் அந்த ஏளனச் சொற்களைக் கூவுகிறான். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குக் கொள்கை விளங்காது, கதை விளங்கும். அதனினும் விரைவாகப் படம் விளங்கும். ஆகவேதான் ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பற்றி நம் இதழன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அப்புத்தகத்தின் பெயர் 'எல்மர்'. எழுதிப் படம் வரைந்தவர் இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் 1935-இல் பிறந்த டேவிட் மெக்கீ என்னும் ஓவியர். 1968-இல் முதன்முதலாக வெளிவந்து, 1989-இல் புதுப்பிக்கப்பட்ட பதிப்பாக மீண்டும் வந்தபின் உலகெங்கும் பரவியது. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆசிரியர் 2022-இல் காலமானார்.

இந்நூலுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மெக்கீயின் மனைவி ஆங்கிலோ-இந்திய வழியில் வந்தவர். இரயில்வேயில் பணியாற்றும் நமக்கு அந்தச் சமூகத்தைப் பற்றி அறிமுகம் வேண்டியதில்லை; இந்நாட்டு இருப்புப் பாதைகளில் தலைமுறை தலைமுறையாக எஞ்சின் ஓட்டியவர்கள் அவர்கள். ஒரு நாள் மெக்கீ தம் குடும்பத்துடன் தெருவில் செல்கையில், எதிர்ப்பட்ட சிறுவன் ஒருவன் அவருடைய சிறு மகளின் நிறத்தைச் சுட்டி இழிசொல் ஒன்றைக் கூறினான். அந்நிகழ்ச்சி தம் மனத்தில் தைத்ததையும், எல்மர் கதைக்கு அது ஒரு வித்தாக அமைந்ததையும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மகளின் நிறத்தைக் குறித்துச் சொல் கேட்ட ஒரு தந்தை அதற்கு அளித்த மறுமொழி இக்கதை என்று கொண்டால் தவறில்லை.

கதை மிக எளியது. யானைக் கூட்டம் ஒன்றில் எல்லா யானைகளும் யானை நிறம். எல்மர் மட்டும் மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை எனக் கட்டம் கட்டமாகப் பல நிறம். நம் பாட்டிமார் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் மெத்தை விரிப்பைப் போன்றவன். அவன் இருக்குமிடத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. ஓர் இரவு, இவர்கள் நம் நிறத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்ற எண்ணம் அவனை உறங்கவிடவில்லை. விடியுமுன் கூட்டத்தை விட்டு நழுவிச் செல்கிறான். வழியில் கண்ட விலங்குகள் "எல்மர், வணக்கம்" என்கின்றன. யானை நிறப் பழங்கள் காய்த்த புதர் ஒன்றைக் கண்டு, அதை உலுக்கி, உதிர்ந்த பழங்களின்மேல் புரண்டு நிறத்தை மறைத்துக்கொள்கிறான். திரும்பி வரும்போது அதே விலங்குகள் "யானையே, வணக்கம்" என்கின்றன. கூட்டத்தில் அவனை அடையாளம் காண்பார் இல்லை. எல்லாரும் முகம் இறுகி, அசைவின்றி நிற்கின்றனர். பொறுக்கமாட்டாமல் அவன் ஒரு கூச்சல் போட, யானைகள் திடுக்கிட்டுப் பின் சிரிக்கின்றன. மழை பெய்து பூச்சுக் கரைகிறது. அன்று முதல் ஆண்டுக்கொரு நாள் மற்ற யானைகள் பல நிறம் பூசிக்கொள்ள, எல்மர் யானை நிறம் பூசிக்கொள்கிறான்.

இப்புத்தகத்தைப் படித்துக் காட்டுவோர் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, அந்த வணக்கங்கள். போகும்போது பெயர் சொல்லி வணங்கிய விலங்குகள் வரும்போது இனம் சொல்லி வணங்குகின்றன. நம் சங்கத்துப் படிப்பறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படங்களைக் காட்டியபோது, ஒரு சிறுமி, "ஏன் மாமா, இப்போ மட்டும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடலை?" என்று கேட்டாள். நாம் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளிடமே கேள்வியைத் திருப்பினோம். உங்களுள் யாரையேனும் பெயர் சொல்லாமல் வேறு சொல்லால் அழைக்கிறார்களா என்றவுடன் பல கைகள் உயர்ந்தன. நீங்கள் யாரையேனும் அவ்வாறு அழைக்கிறீர்களா என்றபோது கைகள் உயரவில்லை. சற்று நேரம் சென்று ஒரு பையன் மெல்ல, "எங்க வகுப்பில ஒருத்தனை 'நேபாளி'ன்னுதான் கூப்பிடுவோம். அவன் பேரு எனக்குத் தெரியாது" என்றான். ஓர் ஆண்டாக ஒரே அறையில் அமர்ந்து படிப்பவர்கள் அவர்கள்! அடுத்த வாரம் அவன் பெயரைக் கேட்டு வந்து சொன்னான். ஊரையும் கேட்டிருந்தான், டார்ஜிலிங். நம் நாட்டுப் பிள்ளைதான்.

பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளின் மேல் புறப்பட்ட நிலையத்தின் பெயரையும் சேரும் நிலையத்தின் பெயரையும் எழுதுகிறோம். மூட்டைக்கு அது போதும். மனிதரை வந்த ஊரின் பெயரால் மட்டும் அழைப்பது அவரை மூட்டையாக்குவதாகும்.

இரண்டாவது, எல்மரின் உறக்கமற்ற இரவு. அவனைக் கூட்டம் விரட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. ஆனாலும் ஐயம் உள்ளே புகுந்துவிட்டது. தமிழில் பேசினால் பிறர் சிரிப்பர் என்று கடைவீதியில் அம்மாவைப் பேசாதிருக்கச் சொல்லும் பிள்ளையும், மதிய உணவுப் பெட்டியில் தயிர்சாதம் வேண்டாமென்று அடம் பிடிக்கும் பிள்ளையும் பழப்பூச்சைத் தேடிக்கொண்டிருக்கும் எல்மர்களே. அவர்களைக் கடிந்து பயனில்லை. இப்பக்கத்தை விரித்து, "இவன் ஏன் தூங்காமல் இருக்கிறான்?" என்று கேட்டால், தன்னைப் பற்றிச் சொல்லக் கூசும் குழந்தை யானையைப் பற்றிச் சொல்லும். பெற்றோர் அறியவேண்டியது அவ்விடையில் இருக்கும்.

இக்கதைக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்மர் சிரிக்க வைப்பவன். ஆகவே அனைவர்க்கும் இனியவன். சிரிக்க வைக்கத் தெரியாத, கூச்சமுள்ள குழந்தைக்கும் கூட்டத்தில் அதே இடம் உண்டு என்பதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும், சில வேற்றுமைகளுக்கு அன்பான பார்வை மட்டும் போதாது. சுஜாதா பத்மநாபன் எழுதிய 'சுஸ்கிட்' கதையை இதனுடன் சேர்த்துப் படிக்கலாம். சக்கர நாற்காலியில் வாழும் லடாக் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் அருகிலிருந்தும் எட்டவில்லை, வழி கரடுமுரடு. பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடி அப்பாதையைச் சமன் செய்கின்றனர். பெயர் சொல்லி அழைப்பது முதற்படி. பாதை செப்பனிடுவது அடுத்த படி. நம் சங்கக் கூடத்து வாசற்படிகளையும் இவ்வேளையில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் இத்தகைய படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் இணையத்தில் விலையின்றிப் பல மொழிக் கதைகளை அளிக்கிறது. ஒரே கதையைத் தமிழிலும் இந்தியிலும் பெற்று, நம் பிள்ளையையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் ஒரே பாயில் அமர்த்திப் படிக்கச் செய்யலாம். கேட்டு முடிந்ததும் வெள்ளைத் தாளில் ஒரு யானை வரைந்து கொடுத்து, அவரவர் விருப்பப்படி நிறம் தீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு யானைக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல்லவும் மறவாதீர்கள்.

பத்து நிமிடப் புத்தகம் ஒன்று பல நூற்றாண்டு வழக்கத்தை மாற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. வரும் பொங்கலுக்கு நம் வாசலுக்கு வரும் பிள்ளைகளை ஊர் சொல்லி அழையாமல் பெயர் சொல்லி அழைக்க நம் குழந்தைகள் கற்றால், அதுவே நல்ல தொடக்கம். பெரியவர்களாகிய நாம் அதை அவர்களுக்கு முன்னே கற்றிருத்தல் வேண்டும்.