மணமும் மனையும்

நுழையும்முன்

ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைக் கரைக்கும் நிகழ்வுகள் இரண்டு: திருமணம், வீடு. முன்னோர் இவ்விரண்டையும் உறவும் ஊரும் கூடித் தம் கைகளாலேயே பெரும்பாலும் முடித்தனர். இன்று இவை விலைகொடுத்து வாங்கப்படுகின்றன. எந்த வேலையைத் தாமே செய்யலாம், எந்த வேலையைத் தேர்ந்தவரிடம் விட வேண்டும் என்னும் தெளிவு, கடனில்லா வாழ்வுக்கு வழிகோலும். அத்தெளிவைத் தருவதே இக்கட்டுரை.

பழமொழி உணர்த்தும் எச்சரிக்கை

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது தமிழர் வழங்கும் பழமொழி. இரண்டு வெவ்வேறு செயல்களை இப்பழமொழி ஏன் இணைத்தது? இரண்டிலும் போட்ட கணக்கிற்குள் செலவு அடங்குவதில்லை. தொடங்கிய பின் பாதியில் நிறுத்தவும் முடிவதில்லை. ஊரார் பார்வை இரண்டின்மீதும் விழுவதால், தேவைக்குச் செய்வதைவிடப் பிறர் மெச்சச் செய்வது மிகுகிறது. பலர் கடன் வாங்குவதும் இவ்விரண்டிற்காகவே. ஒருநாள் விழாவிற்கு வாங்கிய கடனைப் பல ஆண்டுகள் அடைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

தொழில் வழித்தடத்தில் ஒரு சிற்றூர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பென்னலூர். இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூர் ஒருபுறம். மகிழுந்து ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை மறுபுறம். தெற்கே ஊர்திகளும் உதிரிப்பாகங்களும் உருவாகும் ஒரகடம். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இப்பகுதியில் இன்று பணிநேரச் சங்கொலிக்கேற்பப் பொழுது நகர்கிறது. வேளாண் குடும்பத்துப் பிள்ளைகள் ஆலைகளில் பணியாற்றுகின்றனர். வெளியூர்த் தொழிலாளர்க்கு வாடகைக்கு விடுவதற்காகப் பழைய வீடுகளில் புதிய அறைகள் எழுகின்றன. மாதச் சம்பளம் வந்தது; அதனைக் காட்டிக் கடன் பெறும் வாய்ப்பும் வந்தது. திருமணத்தையும் வீட்டையும் முழுவதுமாக ஒப்பந்தத்திற்கு விடும் வழக்கமும் உடன் வந்தது.

அதே ஆலைகள் நல்ல பழக்கங்கள் சிலவற்றையும் கற்பித்துள்ளன. வெட்டுவதற்கு முன் அளத்தல், வேலைகளை வரிசைப்படுத்துதல், கையுறையும் கண்ணாடியும் அணிதல், கருவியை எடுத்த இடத்திலேயே வைத்தல் ஆகியன ஆலைப் பணியாளர் நாள்தோறும் பின்பற்றுவன. இப்பழக்கங்களை ஆலை வாயிலோடு விட்டுவிடாமல் வீட்டிற்குக் கொண்டுவந்தால், பாதி வேலையைத் தம் கையாலேயே முடிக்கலாம்.

சங்க இலக்கியத்தில் ஒரு மணவீடு

எளிய திருமணம் தமிழர்க்குப் புதியதன்று. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு மணவீட்டைக் காட்டுகிறார். உளுந்து சேர்த்துச் சமைத்த பொங்கல், வரிசையாகக் கால்கள் நட்ட பந்தல், பரப்பப்பட்ட மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள் ஆகியவையே அங்கு உள்ளன. முதிய பெண்டிர் முன்னின்று மணப்பொருள்களை முறைப்படி எடுத்துத் தருகின்றனர். மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்குள்ள பொருள்கள் யாவும் வயலிலும் வீட்டிலும் கிடைப்பவை. செய்வோர் யாவரும் உறவினர். பந்தலும் மணலும் விளக்கும் இன்றுவரை தொடர்கின்றன. அவற்றைச் செய்யும் கைகள்தாம் மாறிவிட்டன.

எளிமைக்குச் சட்டத்தின் துணை

இருபதாம் நூற்றாண்டில் எளிய திருமணம் ஓர் இயக்கமாக வளர்ந்தது. தந்தை பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் புரோகிதரும் சடங்குகளும் இல்லாத திருமணங்களை நடத்தியது. அருப்புக்கோட்டை அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928ஆம் ஆண்டு நடந்த திருமணம் இவ்வகையில் முதலாவதாகக் குறிப்பிடப்படுகிறது. எனினும், இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. பல்லாயிரம் குடும்பங்களின் சொத்துரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின.

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, முதலமைச்சரானதும் இக்குறையைக் களைந்தார். 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகக் கூறினாலே திருமணம் செல்லும். மாலை மாற்றுதலோ, மோதிரம் அணிவித்தலோ, தாலி கட்டுதலோ இருந்தாலும் போதும். இதற்குமுன் இம்முறையில் நடந்த திருமணங்களும் செல்லத்தக்கவையாயின. சமயம் கடந்து மணப்போர்க்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் துணைநிற்கிறது.

ஆகவே, திருமணத்தை நிறைவுசெய்பவை உறுதிமொழியும் சான்றாவோரும் ஆகும். மேடை அலங்காரமும் பலவகை விருந்தும் அதனுடன் சேர்ந்தவையே. அவற்றைக் குறைப்பதால் திருமணத்தின் மதிப்புச் சிறிதும் குறையாது.

தெரிந்து தெளிவோம்

மணமகளுக்கு 18 வயதும் மணமகனுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் எச்சமயத்தவராயினும் திருமணத்தை 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும் எனத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 வலியுறுத்துகிறது.

தம் கையால் ஆகும் மணப்பணிகள்

திருமணப் பணிகளுள் எவற்றைத் தாமே செய்யலாம்? இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒரு பணியில் பிழை நேர்ந்தால் அதனை உடனே திருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். முடியுமெனில் அப்பணியைத் தாமே செய்யலாம்.

தோரணம் அத்தகைய பணி. மாவிலையை மடித்துக் கயிற்றில் கோப்பதையும் தென்னங்குருத்தைக் கிளியாகவும் பூவாகவும் பின்னுவதையும் பெரியவர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுதில் கற்கலாம். குருத்தோலையை முந்தைய நாள் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது. மாலை கட்டுவதற்கு வாழைநாரை நீரில் நனைத்தால் நார் அறாமல் வளைந்துகொடுக்கும். வாயிலில் இரு குலைதள்ளிய வாழைமரங்கள், தரையில் அரிசிமாக் கோலம், பந்தலில் தென்னங்குருத்து ஆகியவை இருந்தால் வேறு அலங்காரம் வேண்டுவதில்லை. விழா முடிந்ததும் இவை யாவும் மண்ணுக்கு உரமாகும்.

அழைப்பிதழைக் கையால் எழுதிப் படியெடுக்கலாம். அழைப்போர் பட்டியலை முதலில் முடிவுசெய்வதே செலவைக் கட்டுப்படுத்தும் திறவுகோல். பந்தலின் அளவும் இலையின் எண்ணிக்கையும் அதனைப் பொறுத்தவை. காட்டாக, ஒருவருக்கு 120 கிராம் அரிசி எனக் கொண்டால் 200 பேருக்கு 24 கிலோ தேவை. ஐந்நூறு பேர் வரக்கூடும் என்னும் ஊகத்தில் சமைத்தால், ஐந்து பங்கில் மூன்று பங்கு வீணாகும்.

பெருஞ்சமையலோ மேற்கூறிய அளவுகோலுக்குள் அடங்காது. காய் நறுக்குவதையும் இலை போடுவதையும் பரிமாறுவதையும் உறவினர் ஏற்கலாம். அண்டா நிறையக் கொதிக்கும் குழம்பையும் அடுப்பையும் பழகிய சமையற்காரரே கையாள வேண்டும். கீற்றுப்பந்தலுக்கு அருகில் அடுப்பு மூட்டுவது பெருந்தவறு. கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்ததைத் தமிழகம் மறக்கவியலாது.

மனையில் செய்யத்தக்க மாற்றங்கள்

திருமணத்தை ஒட்டி வீட்டைப் புதுப்பிப்பது வழக்கம். நாள் நெருங்கும் பரபரப்பில் பலர் முதலில் வண்ணம் பூசிவிடுகின்றனர். அடுத்த மழையில் கூரை ஒழுகிச் சுவர் கறைபடிகிறது. வீட்டுப் பணிகளை மேலிருந்து கீழாகச் செய்ய வேண்டும் என்பது பொது விதி. முதலில் கூரையின் ஒழுக்கை அடைத்தல், பிறகு மின்கம்பி, நீர்க்குழாய்ப் பணிகள், அடுத்துப் பூச்சு, அதன்பின் சுவர் வண்ணம், இறுதியில் தரை. இவ்வரிசை மாறினால் முடித்த வேலையை மீண்டும் உடைக்க நேரும்.

ஏரி சூழ்ந்த பகுதிகளில் சுவரில் ஓதம் ஏறுவது பெருஞ்சிக்கல். நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, உப்பைப் பூக்கச் செய்து, பூச்சை உதிர்க்கிறது. அதன்மேல் எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் நிலைக்காது. சுவரோரம் நீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா, கூரைநீர் எங்கு விழுகிறது என்பவற்றை முதலில் கண்டறிய வேண்டும். சுவரை விட்டு விலகி நீர் ஓடுமாறு ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவது பலமுறை வண்ணம் அடிப்பதைவிடப் பயன்தரும்.

கையால் செய்யத்தக்க பணிகளுள் தலையாயது வெள்ளையடித்தல். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது கொதித்து வெப்பத்தை வெளியிடும். முழுவதும் நீற்றிய பின் துணியில் வடிகட்டி, பால்போல நீர்க்கக் கரைக்க வேண்டும். வெண்மை பளிச்சிடச் சிறிது நீலம் சேர்ப்பர். சுவரை நீர் தெளித்து நனைத்து, மெல்லிய படலமாக மூன்று முறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தைய படலம் உலர வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஈர்த்து இச்சுண்ணாம்பு மீண்டும் கல்லாக இறுகுகிறது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது இடம்தருகிறது. மாடித் தளத்தில் பூசினால் வெயிலைத் திருப்பியனுப்பி அறையின் வெம்மையைத் தணிக்கும். ஆயின், சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. நெகிழிவகை வண்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய கதவையும் பெட்டியையும் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே, நீர் தெளித்து ஈரமாகவே தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தவரிடம் விட வேண்டியவை

அறுந்த தோரணத்தை மீண்டும் கட்டலாம். சரிந்த உத்தரத்தை அவ்வாறு செய்ய இயலாது. கூடத்தை அகலமாக்கும் ஆசையில் சுமைதாங்கும் சுவரை இடிப்பது மேல்தளத்தையே வீழ்த்தும். எச்சுவர் சுமை தாங்குகிறது என்பதைக் கட்டடப் பொறியாளரே உறுதிசெய்ய வேண்டும். புதிய அறை எழுப்ப உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் தேவை. 230 வோல்ட் மின்சாரம் ஒரு நொடியில் உயிரைப் பறிக்க வல்லது. அதனை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துமாறு கேட்பது வீட்டாரின் கடமை.

தேர்ந்தவரிடம் விடுவதால் சிக்கனத்தைக் கைவிட வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, கேரளத்தில் குறைந்த செலவு வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர் இதற்குச் சான்று. செங்கற்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, இடையே வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். அம்முறை செங்கல் தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கட்டுவது கொத்தனார் வேலை. நாள்தோறும் நீர் தெளித்துச் சுவரைப் பதப்படுத்துவது வீட்டார் செய்யத்தக்கது. சிமென்ட் பூச்சினைக் குறைந்தது ஏழு நாள்களாவது ஈரமாக வைத்திருந்தால்தான் அது உறுதிபெறும். இந்த எளிய பணியைப் புறக்கணித்தால் விலையுயர்ந்த சிமென்டும் பயன்தராது.

யாருடைய கைகள்?

'நாமே செய்வோம்' என்னும் முடிவில் கருத வேண்டிய மற்றொன்று உண்டு. வீட்டின் வேலை பெண்களின் தோளிலேயே விழுமானால், மிச்சமான பணம் அவர்களின் ஊதியமற்ற உழைப்பாகிவிடும். பணிகளைப் பட்டியலிட்டு, ஆண் பெண் பேதமின்றிப் பகிர்ந்துகொள்வதே முறை. மணமகன் கோலமிடலாம், மணமகள் சுவருக்கு வெள்ளையடிக்கலாம். தேர்ந்த தொழிலாளியிடம் பணியைக் கொடுக்கும்போது உரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதிருப்பதும் சிக்கனத்தின் அறமாகும்.

மிச்சமாகும் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு அரசின் செயல் ஒன்று வழிகாட்டுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 'புதுமைப்பெண்' என அழைக்கப்படும் அத்திட்டத்தில், 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியர் உயர்கல்வி பயிலும்போது மாதந்தோறும் 1000 ரூபாய் பெறுகின்றனர். திருமணத்திற்கென ஒதுக்கிய தொகை கல்விக்குத் திரும்பியது.

குடும்பங்களும் அவ்வாறே திருப்பலாம். மேடை அலங்காரத்தைத் தவிர்த்த பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணமாகலாம். தாமே அடித்த வெள்ளையின் மிச்சம் ஒழுகும் கூரையைச் செப்பனிடலாம். மணம் முடித்தோர் புதிய வீட்டில் நுழையும்போது கடன் சீட்டு இல்லாமல் நுழைவது, எந்தச் சீர்வரிசையினும் பெரிய சீராகும்.