பனியும் பனிச்சரிவும்

ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டைப் பனிக்கே உரியவாக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. அப்பனி புல் நுனியில் நின்று, ஞாயிறு எழுந்ததும் மறைந்துவிடுவது. இமயத்து உச்சியில் ஆண்டு முழுதும் உறைந்து கிடப்பதையும் நாம் அதே சொல்லால் பனி என்கிறோம். ஆகவே, பனிச்சரிவு என்று வகுப்பில் படிக்கும் மாணவன், மெல்லிய ஒன்று மெல்ல வழுக்கி வருவதாக எண்ணிக்கொண்டால் அதில் வியப்பில்லை. ஆனால் அவ்வெண்ணம் தவறு.

பனியே காணாத சிங்கப்பூரில் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். நம் தீவின் மிக உயர்ந்த இடமாகிய புக்கித் தீமா மலை ஏறத்தாழ 164 மீட்டர்தான். ஆயினும் ஆண்டிறுதி விடுமுறையில் பனி நாடுகளுக்குச் செல்லும் குடும்பங்கள் இங்கே பல. மலை தந்த துயரமும் நமக்குப் புதிதன்று. 2015 ஜூன் 5ஆம் நாள் சாபாவின் கினபாலு மலையில், நிலநடுக்கத்தால் பாறைகள் சரிந்து பதினெண்மர் மாண்டனர். அவர்களுள் பதின்மர் சிங்கப்பூரிலிருந்து சென்றவர்கள்; அப்பதின்மருள் எழுவர் தொடக்கப்பள்ளி மாணவர். நிலநடுக்கம் வரும் நாளை முன்னறியும் வழி இன்றும் இல்லை. பனிச்சரிவோ பெரும்பாலும் அடையாளம் காட்டிவிட்டே வருவது.

அதன் இயல்பை வகுப்பிலேயே காட்டலாம். லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடையில் சிறிது சீனி வாங்கி வருக. ஒரு தட்டில் அதனைப் பரப்பி, மேலே கனத்த புத்தகம் ஒன்றை வைத்துத் தட்டை மெல்லச் சாய்க்க. ஓர் அளவு வரை புத்தகம் அசையாது. அவ்வளவை நெருங்கியபின் விரலால் சற்றே தள்ளினாலும் முழுதாக வழுக்கி இறங்கிவிடும். மலையிலும் நிகழ்வது இதுவே. பனி அடுக்கடுக்காகப் பெய்கிறது. சில அடுக்குகள் பிணைப்பு இழந்து சீனி போல் உதிரியாகின்றன. அவற்றின்மேல் பின்னர் விழும் பனி பலகைபோல் இறுகுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பேரிடர் மிக்கவை. அங்கே ஒருவர் கால் வைத்தால் அவர் எடையே போதும். பலகை உடைந்து இறங்கும். திரைப்படங்களில் காண்பதுபோல் உரத்த குரலால் பனி சரிவதில்லை. பனிச்சரிவில் உயிரிழக்கும் பயணிகளுள் மிகப் பலர், தாமோ தம் தோழரோ கிளப்பிய சரிவிலேயே சிக்கியவர்கள்.

புதுப்பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகிய மூன்றும் இடரைப் பெருக்குவன. 2014 அக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தருகே கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியில் கடும்பனியாகக் கொட்டியது. பனிப்புயலிலும் சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். வங்கக்கடல் வானிலைச் செய்தி மலையேறுவோருக்கும் உரியது என்பதை இது காட்டியது.

சரிந்து நின்ற பனி, காரைபோல் இறுகிவிடும். உள்ளிருப்பவரால் விரலையும் அசைக்க இயலாது. பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறக்கின்றனர். பத்து நிமிடத்திற்குள் மீட்கப்படுவோருள் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அரைமணி ஆகும்போது மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. 2016 பிப்ரவரி 3இல் சியாச்சின் பனிமலையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தார் பதின்மர் புதையுண்டனர். நால்வர் தமிழ்நாட்டினர். அனுமந்தப்பா என்னும் கன்னட வீரர் மட்டும் ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் இறந்தார். ஆறு நாள் உயிர் தாங்கியது அரிதினும் அரிது. அதை நம்பி எவரும் மலையேறலாகாது.

ஆதலின் பயணிகள் கைக்கொள்ள வேண்டியவை சில. புறப்படுமுன் அவ்வூரின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். அது ஐந்து படிகளில் தரப்படும். மூன்றாம் படியே கவலைக்குரியது. சறுக்கு விளையாட்டிடங்களில் கயிறு கட்டி அடைத்த எல்லையைத் தாண்டலாகாது. அதற்கு அப்பால் செல்வோர் குறிப்பலைக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி ஆகிய மூன்றையும் வைத்திருப்பதோடு, அவற்றைக் கையாளவும் பழகியிருக்க வேண்டும். ஐயத்திற்குரிய சரிவை ஒருவர்பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். அருகே புதிய சரிவுத் தடம் தெரிந்தாலோ, காலடியில் பனி விரிசல் கண்டாலோ, அமுங்கிய ஓசை எழுந்தாலோ திரும்பிவிட வேண்டும்.

திரும்பிவர நாணுவோர் உண்டு. பயணச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தை எண்ணி வருந்துவோரும் உண்டு. அடுத்த முறை பனி என்னும் சொல்லை விளக்கும் ஆசிரியர், புல்லின்மேல் நிற்கும் பனியோடு மலைமேல் கிடக்கும் பனியையும் சேர்த்துச் சொல்வாராக. டிசம்பரில் பெட்டி கட்டும் மாணவனுக்கு அது உதவும்.