சம்பளம் இல்லை, வசவு உண்டு
பொழுதுபோக்காக சாஃப்ட்வேர் எழுதித் தருபவரைக் குறை சொல்வது எளிது. அந்தக் குறைகூறலே உலகக் கம்ப்யூட்டர்களுக்குக் கண்ணி வைக்கவும் உதவியது.

எக்ஸ்-இஸட் என்ற சாஃப்ட்வேரைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெரிய ஃபைல்களைச் சுருக்கித் தருவது இதன் வேலை. லினக்ஸில் இயங்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின் பல ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் இதைப் பராமரித்து வந்தார்.

2022ல் அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. புதிய பதிப்பு ஏன் வரவில்லை, அனுப்பிய திருத்தங்கள் என்ன ஆயின, முடியாவிட்டால் வேறு ஆளிடம் ஒப்படைக்கலாமே என்று அடுத்தடுத்துப் புகார்கள். புகார்க்காரர்களில் ஜிகர் குமார் என்ற இந்தியப் பெயரும் ஒன்று. தன் சொந்தச் சிரமங்களைச் சொன்னார் கொலின். இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் நினைவூட்டினார். நச்சரிப்பு ஓயவில்லை. இதற்கிடையே ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதலே பணிவாகத் திருத்தங்கள் அனுப்பி வந்தார். களைத்துப்போயிருந்த கொலின், சுமையை அவருடன் பகிர்ந்துகொண்டார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று ஒளிந்திருந்தது. அதற்கான சாவி உள்ளவர், தொலைவிலிருந்தே பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எதையும் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் இதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். லாகின் செய்ய அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவியவர், மார்ச் 29 அன்று உலகை எச்சரித்தார். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பதிப்புகள் போய்ச் சேருமுன் ஆபத்து தடுக்கப்பட்டது. ஜியா டான் மாயமானார். புகார்க்காரர்களும் கொலினை நெருக்குவதற்காகவே உருவாக்கப்பட்ட போலிகள் என்பது நிபுணர்கள் பலரின் கணிப்பு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் புகார்கள் அன்று யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சாஃப்ட்வேர் தொண்டர்கள் அன்றாடம் கேட்கும் ஏச்சுகளைப் போலத்தான் இருந்தன. சதிகாரர்கள் புதிய ஆயுதம் எதையும் தேடவில்லை. புழக்கத்தில் இருந்த கெட்ட பழக்கத்தை இரவல் வாங்கினார்கள், அவ்வளவுதான். பழக்கம் மேல்மட்டத்திலும் இருந்தது. உடன் உழைத்தவர்களைக் கடுமையாகத் திட்டியதற்காக லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் வருத்தம் தெரிவித்து, சிறிது காலம் ஒதுங்கியிருந்தார்.

இலவசமாகத் தருவதாலேயே விமர்சனம் கூடாது என்பதில்லை. ஓசியில் கிடைத்த சாஃப்ட்வேரை நம்பித்தான் பல நிறுவனங்களே இயங்குகின்றன. அதில் ஓட்டை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. கொலினை நச்சரித்தவர்கள் சொன்னதும் தாமதம்தான், ஃபிராய்ண்ட் சொன்னதும் தாமதம்தான். முன்னவர்கள் ஆளைக் குறை சொன்னார்கள். இவரோ எந்தப் பதிப்பு, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் கோளாறு என்று அளந்து எழுதினார். அதை வைத்து மற்றவர்கள் உடனே வேலையைத் தொடங்க முடிந்தது.

தமிழுக்கும் இது பொருந்தும். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபீஸ் போன்றவை தமிழ் பேசுவது தொண்டர்களின் உழைப்பால். திரையில் ஒரு சொல் உறுத்தினால் ‘இதென்ன தமிழ்?’ என்று முகம் சுளிப்பவர் உண்டு. எந்த இடத்தில் எந்தச் சொல் சரியில்லை, எது பொருந்தும் என்று எழுதி அனுப்புபவரும் உண்டு. முதலாமவரின் முகச்சுளிப்புக்குப் பிறகும் சொல் அப்படியே இருக்கும். அதை எழுதியவர் மட்டும் அடுத்த மாதம் வராமல் போகலாம்.