வேலைக்குச் செல்ல மிதிவண்டி

பொழுது புலருமுன் மரம் சீவினால்தான் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் தணிந்து, பாலும் குறையும். ஆகவே, ராசா வட்டாரத் தோட்டங்களில் லயத்திலிருந்து நிரைக்கு நடந்து கழியும் நேரம் தொழிலாளருக்கு இழப்பேயாகும்.

3 கிலோமீட்டர் தூரத்தை நடந்து கடக்க அரைமணிக்கு மேலாகும். சமதரையில் நிதானமாக மிதித்தால் 15 நிமிடம் போதும். பெட்ரோல் செலவும் இல்லை. மரம் வெட்டிக் களைத்த உடலுக்கு மேலும் ஓர் உழைப்பா எனச் சிலர் கேட்கலாம். மிதிவண்டியில் உடலின் பாரத்தை இருக்கையும், வாளியின் பாரத்தைச் சக்கரமும் தாங்குகின்றன. கால்கள் நடையைவிடக் குறைவாகவே வருந்தும். உட்கார்ந்து பணிபுரிவோருக்கோ அதுவே நல்ல உடற்பயிற்சி. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கமாவது தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போக 15, வர 15 நிமிடமென ஐந்து நாள் மிதித்தால் அக்கணக்கு நிறைவேறும்.

வயது வந்தபின் கற்க இயலுமா என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துடன் மிதிவண்டியையும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கேலியைப் பொருட்படுத்தாது கற்றனர். பேருந்துக்கும் பிறர் துணைக்கும் காத்திராமல் தம் வேலையைத் தாமே முடித்தனர்.

தொடங்கும் முறை எளிதே. இருக்கையைத் தாழ்த்தி, இரு பாதமும் தரையில் படுமாறு வைத்துத் திடலில் பழகுக. பழகியபின் சற்று உயர்த்துக. ஓய்வு நாளில் வெறும் வண்டியுடன் வழியை ஒருமுறை சென்று பார்த்து, மேடு பள்ளங்களை அறிந்துகொள்க. நாள்தோறும் பிரேக், காற்று, சங்கிலி மூன்றையும் சோதிப்பது அவசியம்.

இருளில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரியவேண்டும். உளியை இடுப்பில் செருகாதீர்கள். விழுந்தால் அது உடலைக் கிழிக்கும். துணியில் சுற்றிக் கூடையில் கட்டுங்கள். நிறைந்த வாளியில் பால் அலைந்து வண்டியைச் சாய்க்கும். ஆதலால் மூடியிட்டு, இருபுறமும் எடை சமமாக இருக்கக் கட்டுங்கள். மழைக்குப்பின் செம்மண் சரிவில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இறங்கித் தள்ளிச் செல்வதே நன்று. லாரிகள் விரையும் பெருஞ்சாலையில் தலைக்கவசம் அணிந்து, இடப்புற ஓரமாக ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள்.

டன்லப் என்பார் 1880களின் இறுதியில் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் அமைத்தார். உலகில் ரப்பரின் தேவை பெருகியதற்கு மிதிவண்டியும் ஒரு காரணம். அந்த ரப்பருக்காகப் பால் சீவுவோர் அதன் பயனையும் துய்க்க வேண்டாமா? வரும் ஓய்வு நாளிலேயே தொடங்குவோம்.