அண்ணன் எந்த ஜெயில்ல இருக்கான்? கைது விவரம் தேடுறது எப்படி

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடிங், வேலை, சம்பளம்னுதான் பேசுவோம். இன்னைக்கு விஷயம் வேற.

சில மாசத்துக்கு முன்னாடி, ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு சின்ன ஊர்ல இருந்து ஒரு தம்பி பேசினான். "அண்ணா, நீங்க கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே? எங்க அண்ணன் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போனான். மூணு நாளா போன் சுவிட்ச் ஆஃப். கூடப் போனவர் ஒருத்தர், புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாரு. எந்த ஜெயில்னு நெட்ல பார்த்துச் சொல்ல முடியுமா?"

நானும் "பத்து நிமிஷத்துல பார்த்துச் சொல்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டேன். பத்து நிமிஷத்துல முடியல. ஏன் முடியல, அப்புறம் எப்படி முடிஞ்சது, இதுதான் இன்னைக்கு எபிசோட்.

இது ஏன் நம்ம மாவட்டத்துக் கேள்வி

2015 ஏப்ரல் 7 விடியற்காலை, திருப்பதிக்குப் பக்கத்துல சேஷாசலம் காட்டுல ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதுல 20 தமிழர்கள் செத்தாங்க. அதுல பல பேர் நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்க. அவங்க எப்படிச் செத்தாங்கங்கறது பத்தி கேஸ், கமிஷன், விசாரணைன்னு எவ்வளவோ நடந்துச்சு. நான் சொல்ல வர்றது வேற ஒண்ணு. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம், மலையில ஒரு வீட்ல "புடிச்சிட்டாங்களாம்"னு ஒரு சேதி வந்தா, அந்த வீடு முதல்ல கேக்கறது "என்ன கேஸ்?" இல்ல. "உயிரோட இருக்கானா?"

அதனால கைது விவரத்தை வெளியில சொல்றதை வெறும் ஆபீஸ் வேலையா நினைக்காதீங்க. ஒரு பேர் ஒரு ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சுன்னா, அந்த ஆளுக்கு அதுவே ஒரு பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்லுது

போலீஸ் பிடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அரசியல் சட்டத்தோட 22-வது பிரிவே இதைச் சொல்லுது. பிடிச்ச இடத்துல இருந்து கோர்ட்டுக்கு வர்ற பயண நேரம் இந்தக் கணக்குல சேராது. மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் பண்ணின பிறகுதான் ஜெயில். ஆக, ஒருத்தர் முதல் நாள் ஸ்டேஷன்லயும், அடுத்த நாள் ஆஸ்பத்திரி, கோர்ட்னு சுத்தி, அப்புறம் ஜெயில்லயும் இருப்பார். நீங்க தேடுற நேரத்தைப் பொறுத்து, தேட வேண்டிய இடமும் மாறும்.

1996 டிசம்பர்ல டி.கே. பாசு வழக்குல உச்ச நீதிமன்றம் சில விதிகள் போட்டது. கைது மெமோ எழுதணும், சாட்சி கையெழுத்து வாங்கணும், சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ சொல்லணும். அவங்க வேற மாவட்டத்துல இருந்தா, கைதாகி 8 முதல் 12 மணி நேரத்துக்குள்ள, அவங்க ஊர் போலீஸ் ஸ்டேஷன் வழியாவும் சட்ட உதவி அமைப்பு வழியாவும் தந்தியில சொல்லணும். தந்தி சேவையே 2013 ஜூலையோட முடிஞ்சு போச்சு. ஆனா சொல்ல வேண்டிய கடமை முடியல.

இப்போ 2024 ஜூலை 1-ல இருந்து சிஆர்பிசி-க்குப் பதிலா பிஎன்எஸ்எஸ் சட்டம். அதுல ரெண்டு பிரிவை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பிரிவு 48: கைதானவர் சொல்ற ஆளுக்குத் தகவல் கொடுக்கணும். பிரிவு 37: ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஏஎஸ்ஐ ரேங்குக்குக் குறையாத ஒருத்தர், கைதானவங்க பேர், முகவரி, என்ன குற்றம்ங்கறதைப் பராமரிக்கணும். அதை ஸ்டேஷன்லயும் மாவட்டத் தலைமையிடத்துலயும் எல்லாருக்கும் தெரியற மாதிரி காட்டணும். டிஜிட்டலாவும் காட்டலாம்.

அதாவது, நீங்க போன் பண்ணிக் கேக்கறது யார்கிட்டயும் கெஞ்சறது இல்ல. "பிரிவு 37-ல சொல்லியிருக்கிற ஆபீசர் யாருங்க சார்?"னு கேக்கறது உங்க உரிமை.

ஆன்லைன்ல எது கிடைக்கும், எது கிடைக்காது

இங்கதான் நான் மாட்டினேன். டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரியில சொல்றேன்: குடும்பத்துக்கிட்ட இருக்கிற கீ பேரு, ஆனா பாதி டேபிள்களோட கீ எஃப்ஐஆர் நம்பர். தெரியாதவங்களுக்கு: நம்மகிட்ட இருக்கிற சாவி ஒண்ணு, பூட்டு வேற.

முதல்ல போலீஸ் வெப்சைட். 2016 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல ஏத்தணும்னு சொல்லுச்சு. நெட்வொர்க் மோசமான பகுதின்னா 72 மணி நேரம் வரைக்கும் போகலாம். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் மாதிரி கேஸ்களுக்கு விலக்கு உண்டு. ஆனா எஃப்ஐஆரைப் பார்க்கணும்னா மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், நம்பர்னு கேக்கும். இன்னொண்ணு, எஃப்ஐஆர்ங்கறது புகாரோட பதிவு. யாரைப் பிடிச்சாங்கன்னு அதுல இல்லாமலே இருக்கலாம்.

ரெண்டாவது, இ-கோர்ட்ஸ். இதுல பேரை வச்சும் தேடலாம், எஃப்ஐஆர் நம்பரை வச்சும் தேடலாம். 16 எழுத்து-எண் கொண்ட சிஎன்ஆர் நம்பர் ஒருதடவை கிடைச்சுட்டா, கேஸோட மொத்தப் பயணத்தையும் பார்க்கலாம். ஆனா ரிமாண்ட் மட்டும் ஆன புதுக் கேஸ் பல சமயம் அதுல தெரியாது. ஜாமீன் மனு போட்ட பிறகோ, குற்றப்பத்திரிகை வந்த பிறகோதான் தெரிய ஆரம்பிக்கும்.

மூணாவது, சிறைகளுக்கான இ-பிரிசன்ஸ், அதுல இ-முலாகாத். கைதியை நேர்லயோ வீடியோவிலயோ பார்க்க நேரம் பதிவு பண்ற இடம். ரொம்ப உபயோகமானது. ஆனா ஃபார்ம்ல எந்த மாநிலம், எந்த ஜெயில்னு கேக்கும். நம்ம கேள்வியே அதுதானே!

இதுக்கு மேல பேர் பிரச்சனை. நம்ம ஊர்ல இனிஷியல். ஆந்திரால வீட்டுப்பேர் முன்னாடி வரும். அங்க எழுதறவர் தமிழ்ப் பேரைத் தெலுங்குல கேட்டு இங்கிலீஷ்ல அடிப்பார். குப்பன், கோவிந்தன், சின்னசாமின்னு ஒரே ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க. அதனால ஒரு ஸ்பெல்லிங்கோட நிறுத்தாதீங்க. பேர்ல முதல் மூணு, நாலு எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்க. அப்பா பேரைப் போட்டும் தேடுங்க.

எல்லை தாண்டினா

நம்ம மாவட்டத்துக்குள்ளயே பிடிச்சிருந்தா தேடுறது ஓரளவு சுலபம். ரிமாண்ட் ஆனவங்க பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற கிளைச் சிறை, இல்லன்னா வேலூர் மத்திய சிறை. பெண்களுக்கும் வேலூர்லயே தனிச் சிறை இருக்கு.

ஆந்திரான்னா ரெண்டு விஷயம் குழப்பும். ஒண்ணு, 2022 ஏப்ரல்ல அங்க மாவட்டங்களைப் பிரிச்சாங்க. பழைய சித்தூர் மாவட்டத்துல இருந்து திருப்பதி தனியா ஆச்சு, அன்னமய்யா மாவட்டமும் புதுசா வந்துச்சு. "சித்தூர் கேஸ்"னு ஊர்ல சொன்னா, வெப்சைட்ல வேற மாவட்டத்துக்குக் கீழ இருக்கலாம். ரெண்டு, பிடிச்சது போலீஸா, வனத்துறையா? வனத்துறைன்னா அது வனக்குற்ற வழக்கா பதிவாகும். போலீஸ் எஃப்ஐஆர் இருக்கணும்னு அவசியமில்ல. நான் ரெண்டு நாள் எஃப்ஐஆர் லிஸ்டைத் தேடிட்டு இருந்தேன். இல்லாத ஒண்ணைத் தேடிட்டு இருந்திருக்கேன். ஆனா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்ங்கறது வனத்துறைக்கும் பொருந்தும். அதனால கோர்ட் வழியா தேடினா தடம் கிடைக்கும். செம்மரக் கேஸ்களுக்குன்னே 2022-ல திருப்பதியில தனி நீதிமன்றங்கள் வந்திருக்கு.

மொழி இன்னொரு சிக்கல். ஏன் கைதுன்னு தெலுங்குல ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்து வாங்கினா, நம்ம ஆளுக்கு என்ன புரியும்? 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு: கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியற மொழியில, எழுத்துல கொடுக்கணும். எந்தக் குற்றமா இருந்தாலும் சரி. வக்கீல்கிட்ட பேசும்போது இதை மறக்காமக் கேளுங்க.

அப்போ என்னதான் பண்றது

வரிசையாச் சொல்றேன். எழுதி வச்சுக்கோங்க.

ஒண்ணு. ஒரு பேப்பர்ல இதெல்லாம் எழுதுங்க: ஆதார்ல இருக்கிற மாதிரி முழுப்பேர், அப்பா பேர், வயசு, ஊர், கடைசியா பேசின தேதி, நேரம், அப்போ இருந்த இடம், கூடப் போனவங்க பேர். வயசு 18-க்குக் கீழன்னா ஸ்கூல் டிசி-யை எடுத்து வைங்க. அந்தப் பையனை ஜெயில்ல வைக்கவே கூடாது; சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகணும். அவன் விவரம் எந்த வெப்சைட்லயும் வரவும் கூடாது.

ரெண்டு. உங்க ஊர் ஸ்டேஷனுக்குப் போங்க. வெளி மாவட்டத்துல, வெளி மாநிலத்துல இருந்து தகவல் வந்திருந்தா முதல்ல அங்கதான் வந்திருக்கணும். வரலன்னா, ஆளைக் காணோம்னு எழுத்துல புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. அதே மனுவை எஸ்.பி. ஆபீசுக்கும் பதிவுத் தபால்ல அனுப்புங்க. நாளைக்கு கோர்ட்ல தேதிக்கு சாட்சி அந்த ரசீதுதான்.

மூணு. 15100-க்கு போன் பண்ணுங்க. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவோட இலவச நம்பர். காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் கொடுக்கணும்னு 1987-ம் வருஷச் சட்டத்தோட 12-வது பிரிவு சொல்லுது. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதே மாதிரிதான். நம்ம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மட்டும் இல்ல, பிடிச்ச மாவட்டத்து ஆணைக்குழுவையும் கேளுங்க. அவங்க வக்கீல்கள் ஜெயிலுக்குள்ளயே போய் வர்றவங்க.

நாலு. 24 மணி நேரம் தாண்டியும் எங்கயும் கணக்குல வரலன்னா, ஆட்கொணர்வு மனு. உயர் நீதிமன்றத்துல போடணும். இதுக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

அஞ்சு. "நான் ஆளை வெளிய எடுத்துத் தரேன், முப்பதாயிரம் கொடு"ன்னு யாராவது வந்தா, "எந்த ஜெயில், எந்த கோர்ட், கேஸ் நம்பர் என்ன?"ன்னு மூணு கேள்வி கேளுங்க. பதில் இல்லன்னா காசும் இல்ல.

நான் ஏன் அந்த ஆப்பை எழுதல

உண்மையைச் சொல்றேன். ரெண்டாவது நாளே எனக்கு ஒரு ஐடியா. எல்லா லிஸ்டையும் ஸ்கிரேப் பண்ணி, பேர் தப்பா அடிச்சாலும் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சர்ச் பண்ணலாமேன்னு. பாதி கோட் எழுதிட்டேன்.

அப்புறம் நிறுத்திட்டேன். அமெரிக்காவுல பல கவுண்டி ஜெயில்கள் யாரை உள்ள எடுத்தாங்கங்கற லிஸ்டை வெளியிடுறாங்க. குடும்பம் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும். ஆனா அதே போட்டோக்களை அள்ளிப் போட்டு, "எடுக்கணும்னா காசு கொடு"ன்னு தொழில் பண்ற வெப்சைட்களும் அங்கதான் வந்துச்சு. நம்ம நாட்டுல 2022 கடைசி கணக்குப்படி சிறையில இருந்தவங்கள்ல 75 சதவீதத்துக்கு மேல விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணம் ஆகாதவங்க. என் ஆப்ல ஒரு பையன் பேர் ஏறிட்டா, நாளைக்கு கேஸ் தள்ளுபடி ஆனாலும், அவனுக்குப் பொண்ணு பார்க்கப் போற வீட்ல கூகுள் பண்ணுவாங்க. சிப்காட்ல வேலைக்குப் போனா அங்கயும் பண்ணுவாங்க. விடுதலை ஆன தீர்ப்புல இருந்துகூடப் பேரை எடுக்கலாமாங்கற கேள்வி இன்னும் தீரல. 2024 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கேஸ்ல எடுக்கச் சொன்னது. ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வச்சிருச்சு.

குடும்பம் கேட்டா அதே நிமிஷம் பதில் வரணும், ஊருக்கெல்லாம் காலத்துக்கும் தெரியக் கூடாது. ரெண்டும் சேர்ந்த சிஸ்டம்தான் வேணும். அதை என்னை மாதிரி ஒருத்தன் ராத்திரி உக்காந்து எழுதிட முடியாது. இப்போதைக்கு அந்த வேலையை ஒரு போர்டும், ஒரு ஆபீசரும், போனை எடுக்கிற ஒரு வக்கீலும்தான் செய்யறாங்க.

அந்தத் தம்பி விஷயம். நாலாவது நாள் சாயங்காலம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்ட உதவி வக்கீல் போன்ல கண்டுபிடிச்சுக் கொடுத்தார். அண்ணன் ஜெயில்ல இருந்தான். அப்பா பேரை அவன் பேராவும், அவன் பேரை அப்பா பேராவும் மாத்தி எழுதியிருந்தாங்க. நான் போட்ட அத்தனை சர்ச்லயும் அப்பா பேரைப் போட்டுப் பார்க்கவே இல்ல. கேஸ் இன்னும் நடக்குது, அதைப் பத்தி நான் பேசப் போறதில்ல. அன்னைக்கு ராத்திரி தம்பி மறுபடி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். "அண்ணா, அம்மா சாப்பிட்டுச்சு." அவ்வளவுதான் அதுல.

இந்த எபிசோடை மலையில இருக்கிற யாருக்காவது அனுப்பி விடுங்க. நெட் இல்லன்னா, 15100-ங்கற நம்பரை மட்டுமாவது சொல்லி விடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.