வாய்ப்புண் வந்தாலும் 'கரண்ட்' நிற்கக் கூடாது

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் 'கரண்ட்' எனப்படும் கதிர்சிகிச்சை வைத்துக்கொள்பவர்கள் பலர் மூன்றாவது வாரத்தில்தான் தளர்ந்துபோகிறார்கள். முதல் பத்து நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு நாக்கில் ருசி போகும், வாய் வறளும், உள்கன்னம் புண்ணாகும். எச்சில் விழுங்குவதே வேதனையாகிவிடும். “கொஞ்ச நாள் விட்டுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வீட்டில் பேச்சு எழுவது அப்போதுதான். விட்டுவிடாதீர்கள்.

வழக்கமாக நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவு) வீதம், வாரம் 5 நாள், சுமார் 7 வாரங்களில் 66 முதல் 70 கிரே வரை கதிர் செலுத்துகிறார்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் மிஞ்சியிருக்கும் புற்றுச்செல்கள் மறுபடி பெருகும். தவறும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைக் குறைக்கிறது.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். வலியை அன்றன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மரத்துப்போக வைக்கும் ஜெல்லிலிருந்து மார்பின் வரை மருந்து இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்து, சாப்பிட்ட பின்பும் இடையிடையேயும் வாய் கொப்பளிக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். புகையிலை, வெற்றிலைபாக்கு, மது மூன்றையும் அறவே விட வேண்டும்.

சாப்பாட்டில்தான் வீட்டாரின் உழைப்பு அதிகம் வேண்டும். காரம், புளிப்பு இல்லாமல், ஆறவைத்த கஞ்சி, குழையவிட்ட பருப்புச் சாதம், அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக வெந்த முட்டையை மசித்தது என்று சிறுகச் சிறுக, பலமுறை கொடுக்கலாம். வெறும் கஞ்சித்தண்ணீர் மட்டும் போதாது, புரதம் வேண்டும். எடை மிகவும் குறைந்தால், கதிர் செலுத்தும்போது முகத்தை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தளர்ந்துவிடும்; புதிதாக அளவெடுத்துத் திட்டமிட வேண்டிவரலாம். வாயால் முடியாதபோது மூக்கு வழியே டியூப் வைப்பதைப் பலர் கடைசிக்கட்டம் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது சில வாரத் தற்காலிக ஏற்பாடுதான்.

கதிர்பட்ட கழுத்துத் தோலில் கைவைத்தியப் பூச்சு எதுவும் வேண்டாம். பருத்தித் துணி, மென்மையான சோப்பு போதும்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் புண் கூடியே இருக்கும். அதன்பின் மெல்ல ஆறும். வாய் வறட்சி சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அதனால் பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். சொத்தைப் பற்களைக் கதிர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பிடுங்கிவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கதிர்பட்ட தாடை எலும்பில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகலாம். பல ஆண்டுகள் கழித்துப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் கதிர்சிகிச்சை எடுத்ததைச் சொல்லிவிட வேண்டும்.